மூன்று கிராம் வெள்ளி, ஒரு பேரரசரின் முகம்: ரோமானியக் காசின் விலை எங்கிருந்து வருகிறது?

2020 அக்டோபரில் லண்டன் ஏல நிறுவனம் ஒன்று நடத்திய ஏலத்தில் ஒரு ரோமானியத் தங்கக்காசு 32 லட்சத்து 40 ஆயிரம் பவுண்டுக்குப் போனது. ஒரு பக்கம் புரூட்டஸின் முகம். மறுபக்கம் இரண்டு குத்துவாள், நடுவே விடுதலை பெற்ற அடிமைகள் அணியும் தொப்பி, கீழே மார்ச் 15 என்பதன் லத்தீன் சுருக்கம். ஜூலியஸ் சீசரைப் புரூட்டஸும் கூட்டாளிகளும் குத்திக் கொன்ற நாள் அது.

செய்தியைப் படித்துவிட்டு, தாத்தா காலத்துப் பெட்டியில் ஏதாவது கிடக்கிறதா என்று தேடியவர்கள் உண்டு. ஆனால் அதே நாட்களில், பேரரசர் டிராஜன் காலத்து வெள்ளிக்காசு ஒன்றைச் சுமார் நூறு டாலருக்கு வாங்கியிருக்க முடியும். இரண்டுக்கும் வயது வித்தியாசம் 150 ஆண்டுதான். விலை வித்தியாசமோ மலைக்கும் மடுவுக்கும் உள்ளது.

பழசு என்பதாலேயே விலை ஏறிவிடாது. உலோகமும் விலையை ஏற்றாது: டிராஜன் காசில் இருக்கும் வெள்ளி மூன்று கிராம் சொச்சம், மெட்டி செய்யவே பத்துமோ பத்தாதோ. விலை எதிலிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொள்ள, அந்தக் காசு என்ன வேலைக்காக அடிக்கப்பட்டது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

தெனாரியஸ் என்றால் என்ன?

ரோமின் நிலையான வெள்ளிக்காசு தெனாரியஸ். கார்த்தேஜ் படைத்தலைவர் ஹன்னிபாலுடன் நடந்த போரின் நடுவே, கி.மு. 211 வாக்கில் அறிமுகமானது. பத்து செப்புக்காசுக்குச் சமம் என்பதால் அந்தப் பெயர். பின்னால் பதினாறுக்குச் சமமாக மாற்றியபோதும் பெயர் ஒட்டிக்கொண்டது. அரபு நாடுகளின் தினார் இதன் பேரப்பிள்ளை.

முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் ஒரு ரோமானிய ராத்தல் வெள்ளிக்கு 84 காசு என்பது கணக்கு; ஒன்று 3.9 கிராம் அளவில் வரும். காலாட்படை வீரனின் ஆண்டுச் சம்பளம் 225 தெனாரியஸ். இந்தச் சம்பளக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். லட்சக்கணக்கான பேருக்கு ஆண்டுதோறும் படியளக்க வேண்டிய அரசு அடித்த காசு இது. அபூர்வப் பொருளாக இருக்க அதற்கு வாய்ப்பே இல்லை.

அடித்த விதமும் எளிது. ஒரு பக்கத்து அச்சு பட்டறைக் கல்லில் பதிந்திருக்கும்; அதன் மேல் வெள்ளி வில்லை; அதற்கு மேல் மறுபக்கத்து அச்சைப் பிடித்துச் சம்மட்டியால் ஓர் அடி. அச்சு கையால் செதுக்கியது, அடி கையால் விழுந்தது. அதனால்தான் எந்த இரண்டு காசும் ஒன்றுபோல இருப்பதில்லை. தலை ஓரத்துக்கு நழுவியிருக்கும், எழுத்து பாதி வில்லைக்கு வெளியே போயிருக்கும். நம்மூரில் பூவா தலையா கேட்பதுபோல, ரோமானியச் சிறுவர்கள் ‘தலையா கப்பலா’ என்று கேட்டார்கள். பழைய செப்புக்காசின் பின்பக்கத்தில் கப்பலின் முகப்பு இருந்தது. இங்கே நாம் தலைப் பக்கம், பூப் பக்கம் என்றே வைத்துக்கொள்வோம்.

உயிரோடு இருப்பவரின் முகம் எப்போது வந்தது?

தெனாரியஸின் முதல் 150 ஆண்டுகளுக்குத் தலைப் பக்கத்தில் ரோமா தேவி, மற்ற தெய்வங்கள், பிறகு நாணயச்சாலை அதிகாரிகளின் முன்னோர்கள். வாழும் மனிதனின் முகத்தைக் காசில் போடுவது அரசர்களின் வேலை. ரோம் அரசர்களைத் துரத்தியதில் பெருமை கொண்ட ஊர்.

கி.மு. 44 தொடக்கத்தில் அந்தக் கோட்டை ஜூலியஸ் சீசர் தாண்டினார். ரோம் நகர நாணயச்சாலையில், உயிரோடிருந்த ஒருவரின் முகம் வந்தது அதுவே முதல் முறை. ‘ஆயுட்கால சர்வாதிகாரி’ என்ற பட்டத்தோடு, கழுத்தில் சுருக்கம் விழுந்த, கன்னம் ஒட்டிய மனிதர். தலையில் இலை மாலை. வழுக்கையை மறைக்க அந்த மாலை அவருக்கு வசதியாக இருந்தது என்று ரோமானிய வரலாற்றாசிரியர் சுவெத்தோனியஸ் எழுதியிருக்கிறார். சில வாரங்களில் அவரைக் குத்திக் கொன்றார்கள்.

கொன்ற புரூட்டஸ் என்ன செய்தார்? அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள், படைக்குச் சம்பளம் கொடுக்க அடித்த காசில் தன் முகத்தையே போட்டுக்கொண்டார். முடியாட்சி கூடாது என்று வாளெடுத்தவரின் காசு அது. ஏலத்தில் போனது அதன் தங்கப் பதிப்பு.

முகத்தைப் படிப்பது

சேகரிப்பின் சுவை இங்கேதான். செய்தித்தாளும் படமும் இல்லாத உலகில், பிரித்தானியாவிலிருந்து சிரியா வரை ‘ஆள்பவர் இவர்’ என்று காட்டியது கட்டைவிரல் நகத்தை விடக் கொஞ்சம் பெரிய இந்த வில்லை. அதில் முகம் எப்படி இருக்க வேண்டும் என்பது அரசியல் முடிவு.

அகஸ்டஸ் 76 வயதை நெருங்கும்போது இறந்தார். காசில் கடைசிவரை இளைஞர்தான். நீரோவின் முகம் இதற்கு நேர் எதிர்: ஆண்டுக்கு ஆண்டு கழுத்து தடிக்கிறது, தாடை தொங்குகிறது, நெற்றி மேல் முடி படிப்படியாக அலங்காரமாக ஏறுகிறது. அவருக்குப் பின் கி.பி. 69-இல் நான்கு பேர் அடுத்தடுத்து அரியணை ஏறினார்கள். மூன்று மாதம் மட்டும் ஆண்ட ஓத்தோவின் தலையில் வரிசையாக அலையலையாக முடி. அது ஒட்டுமுடி என்று எழுத்தில் சான்று இருக்கிறது, காசிலும் அப்படித்தான் தெரிகிறது. கடைசியில் வென்ற வெஸ்பாசியன், நீரோவின் ஒப்பனையையெல்லாம் உதறிவிட்டு, நெற்றிச் சுருக்கமும் பொக்கை வாயுமாக ஒரு கிழட்டுப் படைத்தலைவனாகவே பதியச் சொன்னார். ‘நான் அவனைப் போல இல்லை’ என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. ஹேட்ரியன் முழுத் தாடி வைத்தார். அதற்குப் பின் ஒரு நூற்றாண்டுக்கு மேல் பேரரசர்களுக்குத் தாடி வழக்கமாயிற்று.

ஒரே ஆளின் நாலு காசை வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டுமென்றால் கரக்கல்லாவை எடுத்துக்கொள்ளலாம். முதல் காசு, 196-ஐ ஒட்டியது: எட்டு வயதுப் பையன், கொழுகொழுவென்ற கன்னம், தோளில் துணி மடிப்பு. இரண்டாவதில் கன்னம் வற்றி, தலையில் இலை மாலை ஏறியிருக்கிறது. மூன்றாவதில் காதோரம் கிருதா இறங்குகிறது. நான்காவது, தன் தம்பி கேத்தாவைக் கொல்லச் செய்து தனியாக ஆண்ட காலத்தது: குட்டைத் தாடி, நெரித்த புருவம், மூக்கின் மேல் செங்குத்தாக ஒரு வெட்டு. அச்சு செதுக்கியவர் அந்த முறைப்பை மறைக்க முயலவில்லை; முறைப்பையே விரும்பிக் கேட்டிருக்கிறார்கள் என்றுதான் தோன்றுகிறது. நான்கும் அபூர்வமானவை அல்ல. ஓர் ஆளின் வாழ்க்கையையே சாதாரண விலையில் வரிசைப்படுத்திவிடலாம்.

மேலெழுத்து: காசிலேயே இருக்கும் தேதி

முகத்தைச் சுற்றி ஓடும் எழுத்து எல்லாம் சுருக்கம். இடைவெளி சரியாக இருக்காது, ‘உ’ ஒலிக்கும் ‘வ’ ஒலிக்கும் ஒரே எழுத்து. மிரள வேண்டாம்; பத்துப் பன்னிரண்டு சுருக்கம் தெரிந்தால் பெரும்பாலான காசைப் படித்துவிடலாம்.

டிராஜன் காசு ஒன்றைப் பாருங்கள். தலைப் பக்கம்: ‘இம்ப் – திரையானோ – அவ்க் – கெர் – டாக்’. இம்பெராத்தோர், அகஸ்டஸ் இரண்டும் பதவிப் பெயர்கள். ‘கெர்’ என்றால் ஜெர்மானியரை வென்றவர். ‘டாக்’ என்றால் இன்றைய ருமேனியாப் பகுதியான டாசியாவை வென்றவர். டாசியப் பட்டம் அவருக்கு வந்தது 102-இல். பூப் பக்கத்தில் ‘காஸ் 5’ என்று இருந்தால் ஐந்தாம் முறை கான்சல் என்ற உயர் பதவி வகித்தவர். அது 103-இல் தொடங்கியது, ஆறாவது 112-இல். ஆக இந்தக் காசு 103-க்கும் 111-க்கும் இடையில் அடித்தது. ‘மக்கள் தலைவர் அதிகாரம்’ என்ற பட்டத்துக்குப் பக்கத்தில் எண் இருந்தால் இன்னும் வசதி; அது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டதால் ஒரே ஆண்டுக்குள் காசை அடக்கிவிடலாம்.

இந்த வகைகளையெல்லாம் எண்ணிட்டுத் தொகுத்த பேரட்டவணை உண்டு. வியாபாரிகள் ‘ஆர்ஐசி எண்’ என்று குறிப்பிடுவது அதைத்தான். பேரரசுக் காலத்து வகைகளை அமெரிக்க நாணயவியல் கழகம் இணையத்தில் இலவசமாகவே தேடவும் வைத்திருக்கிறது.

எடையும் மாற்றும்: இலங்கை மன்னர் கவனித்தது

பேரரசர் கிளாடியஸ் காலத்தில், செங்கடல் வரி குத்தகைதாரர் ஒருவரின் ஆள் காற்றில் அடித்துச் செல்லப்பட்டு இலங்கையில் கரையேறினார். அவரிடமிருந்த தெனாரியஸ்களைப் பார்த்து அந்நாட்டு மன்னர் வியந்தாராம்: முகங்கள் வேறு வேறு, அடித்தவர்கள் வேறு வேறு, எடை மட்டும் ஒன்றாக இருக்கிறதே என்று. ரோமானிய எழுத்தாளர் பிளினி சொல்லும் கதை இது. ரோமானியர்களின் நேர்மையை மன்னர் அந்த எடையில் கண்டார் என்கிறார். தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் ‘நாணயம்’ என்று ஒரே சொல் என்பது பிளினிக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

கதை எவ்வளவு உண்மையோ, காலம் பொருத்தமாக இருக்கிறது. கிளாடியஸுக்கு அடுத்து வந்தவர் நீரோ. கி.பி. 64-இல் அவர் ராத்தலுக்கு 84 என்பதை 96 ஆக்கினார், காசு 3.4 கிராமாக இளைத்தது. வெள்ளியின் மாற்றும், அதாவது தூய்மையும், குறைந்தது. அதுவரை ஏறக்குறைய சுத்த வெள்ளி.

இங்கே கொங்கு நாடு கதைக்குள் வருகிறது. மேற்குக் கரைத் துறைமுகங்களிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூர் செல்லும் பாதையில் வெள்ளலூர், பொள்ளாச்சி, கரூர், பூதிநத்தம் என்று தெனாரியஸ் புதையல்கள் கிடைத்தன. வெள்ளலூரில் 1842-இல் கிடைத்தது மட்டும் ஐந்நூறுக்கு மேல். இவற்றில் மிகுந்திருப்பவை இரண்டே வகை:

1. அகஸ்டஸின் பேரர்களான கையஸ், லூசியஸ் இருவரும் கேடயமும் ஈட்டியும் நடுவில் இருக்க நிற்கும் காசு. வாரிசுகள் என்று ஊருக்கு அறிவித்த காசு, கி.பி. 2-இல் ஒருவர், 4-இல் இன்னொருவர் இறந்துபோனார்கள்.
2. அகஸ்டஸுக்கு அடுத்து ஆண்ட டைபீரியஸின் தலை, மறுபக்கம் கிளையும் செங்கோலும் ஏந்தி அமர்ந்த பெண். 23 ஆண்டு ஆட்சியில் இந்த வடிவத்தை அவர் பெரும்பாலும் மாற்றவே இல்லை.

நீரோவுக்குப் பிந்தைய வெள்ளி இங்கே மிகக் குறைவு. வணிகர்கள் மாற்றுக் குறைந்த காசைத் தவிர்த்துப் பழைய நல்ல காசையே கேட்டு வாங்கினார்கள் என்பது ஒரு விளக்கம். வெள்ளி வந்த காலமே முன்னதுதான் என்பது இன்னொன்று. காசு நோட்டம் பார்ப்பதற்கு இங்கே ஆளுக்குக் குறைவில்லை. சங்கப் புலவர் பெயர்களிலேயே ‘வண்ணக்கன்’ என்று வருகிறதே, அது நாணயம் சோதிப்பவரின் தொழிற்பெயர். இப்படி இங்கே வந்து சேர்ந்த வெள்ளியைப் பற்றி ரோமில் புலம்பலும் கேட்டது: இந்தியா ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸை உறிஞ்சுகிறது என்று பிளினி எழுதினார். நான்கு செஸ்டர்ஸ் ஒரு தெனாரியஸ்; அந்தக் கணக்கில் அது ஒன்றேகால் கோடி தெனாரியஸ். அகஸ்டஸ் காலச் சம்பளக் கணக்கில் ஐம்பத்தைந்தாயிரம் வீரர்களுக்கு ஓராண்டுப் படி.

பிறகு சரிவுதான். செப்டிமியஸ் செவெரஸ் காலத்தில் வெள்ளி பாதியளவுக்கு இறங்கியது. 215-இல் அவர் மகன் கரக்கல்லா புதுக்காசு ஒன்றை விட்டார். இன்று அதை அந்தோனினியானஸ் என்கிறோம். இரண்டு தெனாரியஸ் மதிப்பு என்று சொல்லி, ஒன்றரை தெனாரியஸ் வெள்ளிதான் போட்டார்கள். அடையாளத்துக்கு, பேரரசர் தலையில் சூரியக் கதிர் முடி. பேரரசியின் தோளுக்குக் கீழே பிறைநிலா. 268–270-இல் ஆண்ட இரண்டாம் கிளாடியஸ் காலத்தில் அந்த ‘வெள்ளி’க் காசில் வெள்ளி ஐந்து சதவீதம்கூட இல்லை. செம்பின் மேல் மெல்லிய பூச்சு. கதிர் முடி மட்டும் அப்படியே இருந்தது.

விலை எதனால் ஏறுகிறது, எதனால் இறங்குகிறது?

1. எத்தனை தப்பிப் பிழைத்தன. வங்கி இல்லாத காலம்; பணத்தைப் பானையில் போட்டுப் புதைத்தார்கள், எடுக்க வரவில்லை. பல்கேரியாவின் தேவ்னியா பகுதியில் 1929-இல் கிடைத்த ஒரே புதையலில் எண்பதாயிரத்துக்கும் மேல் வெள்ளிக்காசுகள். இங்கிலாந்தின் ஃபுரோமில் 2010-இல் ஒரே பானையில் 52,503 காசுகள், பெரும்பாலும் மாற்றுக் குறைந்தவை. டிராஜன், ஹேட்ரியன், அந்தோனினஸ் பயஸ், செவெரஸ் காசுகள் நடுத்தரத் தரத்தில் நூறு டாலரை ஒட்டி இருப்பதன் காரணம் இதுவே.

2. யார் முகம். மூன்று மாத ஓத்தோவுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் கொடுக்க வேண்டியிருக்கும். ‘பன்னிரண்டு சீசர்கள்’ எனப்படும், ஜூலியஸ் சீசரில் தொடங்கும் முதல் பன்னிரண்டு ஆட்சியாளர்களையும் வரிசையாகச் சேர்க்க நினைப்பவர்கள் அத்தனை பேரும் அந்த ஒரு கட்டத்தில் முட்டிக்கொள்கிறார்கள்.

3. கதை. டைபீரியஸ் காசு அபூர்வமே அல்ல. ஆனால் விவிலியத்தில் இயேசு ஒரு காசைக் காட்டச் சொல்லி, ‘இந்தச் சுரூபமும் மேலெழுத்தும் யாருடையது’ என்று கேட்டு, இராயனுடையதை இராயனுக்குச் செலுத்தச் சொல்கிறாரே, அது இந்தக் காசுதான் என்பது பரவலான நம்பிக்கை. உறுதியாக நிறுவ முடியாது. விலை அதற்காகக் காத்திருப்பதில்லை. மற்ற சாதாரண தெனாரியஸை விடப் பல மடங்கு.

4. அடி விழுந்த அழகு. ஒரே வகைக் காசில், மூக்கு முழுதாக, எழுத்து முழுதாக, நடுவில் விழுந்திருப்பதற்கும் தேய்ந்ததற்கும் பத்து மடங்கு வித்தியாசம் சாதாரணம். என்னைக் கேட்டால், தொடக்கத்தில் அபூர்வமான தேய்ந்த காசை விடச் சாதாரணமான தெளிந்த முகமே நல்லது.

5. மேற்பரப்பு. இதை நம் வீடுகளுக்காகவே சொல்ல வேண்டும். வெள்ளிச் சாமானை விபூதியோ பல்பொடியோ போட்டுத் தேய்ப்பது நமக்குக் கைப்பழக்கம். பழங்காசில் அதைச் செய்தால், நூற்றாண்டுகளாகப் படிந்த சாம்பல் நிறப் படலத்தோடு பாதி விலையும் போய்விடும். மண்ணில் கிடந்த வெள்ளி உள்ளுக்குள் படிகமாகி நொறுங்கும் தன்மை பெற்றிருக்கவும் கூடும். தரையில் விழுந்தால் பிஸ்கட்டாக உடைந்த காசுகள் உண்டு.

போலிகள், பழையதும் புதியதும்

ரோமானியர் காலத்திலேயே போலி உண்டு: செம்பு வில்லைக்கு வெள்ளித் தகடு போர்த்தி அடித்தவை. ஓரத்தில் தகடு கிழிந்து பச்சை கசியும். அதைச் சோதிக்க அக்காலத்தார் உளியால் வெட்டினார்கள், சிறு முத்திரை குத்தினார்கள். இன்று பல காசுகளில் முகத்தின் குறுக்கே காணும் வெட்டு இதனால் வந்தது.

நவீனப் போலிகளின் குலமுதல்வர் என்று கார்ல் வில்ஹெல்ம் பெக்கரைச் சொல்லலாம் (1772–1830). ஜெர்மானியர், கைத்திறன் அபாரம். புதிதாக அடித்த காசுகளை எண்ணெயும் இரும்புத் துருவலும் போட்ட பெட்டியில் வைத்து, குதிரைவண்டியின் அடியில் கட்டி, கரடுமுரடான சாலையில் ஓட்டுவாராம். ஒரு நாள் சவாரியில் நூற்றாண்டுத் தேய்மானம் வந்துவிடும்.

கையில் பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியும் சிறு தராசும் இருந்தால் பார்க்க வேண்டியவை:

1. ஓரம். வார்த்த காசில் இரண்டு அச்சு சேர்ந்த கோடு சுற்றிலும் ஓடும், அல்லது அதை அரத்தால் ராவிய தடம் இருக்கும். அடித்த காசின் ஓரத்தில் சிறு வெடிப்புகள் இருக்கும்.
2. பரப்பு. எழுத்தைச் சுற்றி ஊசிமுனைக் குமிழிகள், சோப்பில் செதுக்கியது போன்ற மழுங்கல் இரண்டும் வார்ப்பின் அடையாளம்.
3. எடை. நீரோவுக்குப் பிந்தைய தெனாரியஸ் 4.5 கிராம் இருந்தால் சந்தேகப்படுங்கள்.
4. இரட்டை. கையால் அடித்தவற்றில் ஒரே அச்சின் இரண்டு காசு இருக்கலாம். ஒரே அச்சு, ஒரே நழுவல், ஒரே ஓர வெடிப்பு என்று மூன்றும் சேர்ந்து அமையாது. அமைந்தால் ஒன்றாவது வார்ப்பு.

திறமையாக அச்சு வெட்டி அடித்த போலியிடம் இவை எல்லாமே தோற்கலாம். காசைத் திரும்பப் பெற்றுக்கொள்ள எழுத்தில் உறுதி தரும் விற்பனையாளரிடம் வாங்குவதே அதற்கு வழி.

சட்டமும் காகிதமும்

இந்தியாவில் இரண்டு சட்டங்கள் தெரிந்திருக்க வேண்டும். நிலத்தில் புதைந்திருந்து கிடைத்தால் 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம்: பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தாக வேண்டும். கொல்லையில் கிணறு வெட்டும்போது வந்த காசு தன்னுடையது என்று பாத்திரக் கடையில் போட்டு மாற்றுவது குற்றம். அடுத்தது 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம்: நூறாண்டைத் தாண்டிய காசு தொல்பொருள், அதை வியாபாரமாக விற்க உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வெளிநாட்டு உறவினருக்குத் தபாலில் பரிசாக அனுப்புவதும் ஏற்றுமதிதான்.

சட்டத்தைத் தாண்டி, ஒரு காசு எந்த மண்ணிலிருந்து, எந்த ஆண்டில், யார் யார் கை வழியாக வந்தது என்ற தொடர் இன்று விலையில் நேரடியாகச் சேர்கிறது. பழைய சேகரிப்பாளர்கள் காசோடு வைத்த சிறு அட்டைச் சீட்டுகளைத் தூக்கிப் போட்டவர்கள் இப்போது கையைப் பிசைகிறார்கள்.

தொடக்கத்தில் சொன்ன புரூட்டஸ் காசுக்கு அப்படி ஒரு சீட்டு தேவைப்பட்டது. பழைய ஐரோப்பியச் சேகரிப்பிலிருந்து வந்தது என்று ஏலப் பட்டியல் சொன்னது. அந்த வரலாறு புனையப்பட்டது என்ற வழக்கில் ஏல நிறுவனத்தின் உரிமையாளர் 2023-இல் நியூயார்க்கில் கைதாகி, பிறகு குற்றத்தை ஒப்புக்கொண்டார். நிபுணர்கள் அசல் என்று ஏற்ற அந்தக் காசு, அதே ஆண்டு மார்ச்சில் கிரேக்க நாட்டிடம் ஒப்படைக்கப்பட்டது.